வீடு கட்டும் முன் நிலத்தை ஓர் ஆண்டு பாருங்கள்

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கடன் கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகரித்த வரைபடம், பொறியாளரின் மதிப்பீடு, சம்பளச் சான்று எல்லாவற்றையும் வரிவரியாகப் பார்ப்பேன். ஆனால் ஒரு கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை: "மழை பெஞ்சா உங்க மனையில தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" வங்கியின் படிவத்தில் அந்தக் கட்டமே கிடையாது.

ஓய்வு பெற்றபின் படப்பைக்கு அருகே வாங்கிப் போட்டிருந்த 2 ஏக்கரில் வீடு கட்ட நினைத்தபோது, அதே கேள்வியை நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு விலை கொடுத்தவர் நான் மட்டும் இல்லை. பக்கத்து நிலத்துப் பெரியவரும் கொடுத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். பண்ணையில் வீடு கட்ட நினைக்கும் நண்பர்கள், முக்கியமாக நகரத்திலிருந்து நிலத்துக்குத் திரும்புகிறவர்கள், இதை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டால் போதும்.

நான் செய்த தவறு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நேற்றுவரை நெல் விளைந்த நிலம் இன்று மனைப்பிரிவு. எங்கள் பகுதி ஏரிகளின் பகுதி. மணிமங்கலம், ஆதனூர், படப்பை என்று ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும். அடையாறு உருவாவதே இந்த ஏரித் தண்ணீரில்தான்.

என் நிலத்தில் சாலையை ஒட்டிய மூலை பள்ளம். வண்டி வரப்போக வசதி என்று அங்கேயே வீட்டுக்கு இடம் குறித்தேன். ஒப்பந்தக்காரர் "நாற்பது லோடு கிராவல் அடிச்சா மேடாயிடும் சார்" என்றார். அடித்தோம். பக்கத்து நிலத்துப் பெரியவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "அங்க கட்டாதீங்க சார், அது தண்ணி படுக்கிற எடம்" என்றார். கேட்டேன், ஆனால் காதில் வாங்கவில்லை.

2015 டிசம்பர் 1. அந்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் படகு ஓடியது. எங்கள் ஊரிலும் வயலெல்லாம் வெள்ளம். மற்ற வயல்களில் மூன்று நான்கு நாளில் தண்ணீர் வடிந்தது. பெரியவரின் வயலில் மட்டும் பத்து நாள் நின்றது. தண்ணீர் படுத்து, மெல்ல வடிந்து போகும் பள்ளத்தை என் கிராவல் மேடு அடைத்துவிட்டிருந்தது. கதிர் விட்டிருந்த அவருடைய சம்பா நெல் அழுகிப்போனது. அவர் சண்டைக்கு வரவில்லை. "சொன்னேனே சார்" என்றார், அவ்வளவுதான்.

அவருடைய விளைச்சலுக்கு ஈடாகப் பணம் கொடுத்தேன். அடித்த கிராவலை மறுபடி கூலி கொடுத்து அள்ளினேன். வீட்டு வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த ஓர் ஆண்டு முழுக்க ஒரு செங்கல்கூட வைக்காமல் நிலத்தைப் பார்த்தேன். அந்த ஓர் ஆண்டுதான் எங்கள் வீட்டின் உண்மையான கடைக்கால்.

முதல் பாடம்: தண்ணீர், வெயில், காற்று

தண்ணீர்: மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று மூன்று இடத்திலும் முளைக்குச்சி அடியுங்கள். மழை விட்ட மறுநாள் எந்தக் குச்சி இன்னும் தண்ணீரில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடம் வீட்டுக்கு ஆகாது, குட்டைக்கு ஆகும்.

வெயில்: வெட்டவெளியில் ஒரு கம்பை நேராக நட்டு நிழலைப் பாருங்கள். நம் பகுதியில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் நிழலே இருக்காது. மறுபடி ஆகஸ்ட் 18 வாக்கில் அப்படி வரும். இந்த இரண்டுக்கும் நடுவே, கொளுத்துகிற மே, ஜூன் மாதங்களில், நண்பகல் சூரியன் சற்று வடக்கே இருக்கும். உச்சியில் நிற்கும் வெயிலை இரண்டடி சன்ஷேடு தடுத்துவிடும். பிற்பகல் வெயில் சாய்வாக வந்து மேற்குச் சுவரில் நேராக அடிக்கும். அதை எந்த சன்ஷேடும் தடுக்காது. ஆகவே வீடு கிழக்கு மேற்காக நீண்டு, மேற்குச் சுவர் குறுகலாக இருப்பது நல்லது. பெரிய சன்னல்களெல்லாம் தெற்கிலும் வடக்கிலும் இருக்கட்டும்.

காற்று: கோடையில் முற்பகல் முழுக்க மேற்கிலிருந்து அனல் காற்று. பிற்பகலுக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று. கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது சீக்கிரம் வந்துவிடும், படப்பைக்கு வந்து சேரத் தாமதமாகும், ஆனால் வரும். கூடமும் படுக்கையறையும் அந்தக் காற்றைப் பிடிக்க வேண்டும். உள்ளே வந்த காற்று வெளியே போக எதிர்ச்சுவரிலும் வழி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்த அறையில் காற்று வராது.

இங்கே வாஸ்து குறுக்கே வந்தது. அக்னி மூலை தென்கிழக்கு, அங்கேதான் அடுப்பு என்றார்கள். மாலைக் காற்று அந்த மூலையிலிருந்துதான் வருகிறது. தாளிப்புக் கமறல் வீடெல்லாம் பரவும். வடமேற்கு வாயு மூலையும் அடுப்புக்கு ஆகும் என்று ஜோசியரே சொன்னதால் பிரச்சினை தீர்ந்தது. பின்கட்டும் மாட்டுக் கொட்டகையும் அந்தப் பக்கமே இருப்பது வேலைக்கும் வசதியாகிவிட்டது.

அந்த ஆண்டு முடியும் நேரம், 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் வந்தது. என் பம்பு ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்து இரண்டு வயல் தள்ளி விழுந்தது. அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: "கூரை கட்டப்பட வேண்டும், வைக்கப்படக் கூடாது."

இரண்டாம் பாடம்: முன்னே கட்டியவர்களைப் பார்ப்பது

காத்திருந்த ஆண்டில் நானும் மனைவியும் இரண்டு இடத்துக்குப் போனோம்.

ஒன்று, முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் தட்சிணசித்ரா. 1996 டிசம்பரில் திறந்தார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, உழவர் வீடு என்று தென்னாட்டு வீடுகளை அங்கே பார்க்கலாம். அவற்றில் பல, இருந்த ஊரிலிருந்து பிரித்து எடுத்து வந்து மறுபடி நிறுத்தப்பட்டவை. பொம்மை பார்ப்பதுபோல் பார்க்காமல் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். திண்ணை எத்தனை அடி, தாழ்வாரம் எவ்வளவு இறங்கி வருகிறது, முற்றத்தின் தண்ணீர் எந்த வழியே போகிறது என்று அளந்து எழுதுங்கள். மதியம் 2 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். சுவருக்கு வெயிலே படாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்த வீடுகளின் குளிர்ச்சி என்பது உடம்புக்கே தெரியும்.

தட்சிணசித்ராவின் அமைப்புக்குப் பின்னால் இருந்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகவே ஆகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். சுற்றியுள்ள ஐந்து மைலில் கிடைக்கும் பொருளைக் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் தன்னை மாற்றியது என்று அவர் சொல்லி வந்தார். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் அவர் தன் குடும்பத்துக்காகக் கட்டிக்கொண்ட 'ஹாம்லெட்' வீடுதான் நாங்கள் பார்க்கப் போன இரண்டாவது இடம். வெளியிலிருந்து பார்த்தோம். பாறைச் சரிவு அது. அவர் பாறையை உடைத்துச் சமதளம் ஆக்கவில்லை. சரிவு எப்படி இறங்குகிறதோ அப்படியே வீடும் இறங்குகிறது. சிறியதாகத் தொடங்கி, தேவை வந்தபோதெல்லாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்துக் கட்டியது. 40 லோடு கிராவல் அடித்த எனக்கு அந்தச் சரிவைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

மூன்றாம் பாடம்: சுவருக்கு மண் எங்கிருந்து வருகிறது?

நாம் ஜீவாமிர்தம் ஊற்றுகிறோம், மூடாக்குப் போடுகிறோம், ஒரு அங்குல மேல்மண் உருவாக்க ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறோம். ஆனால் சூளைச் செங்கல்லுக்கு மண் எங்கிருந்து போகிறது? பல ஊர்களில் விளைநிலத்தின் மேல்மண்தான். அதைச் சுட விறகோ நிலக்கரியோ வேறு. இயற்கை உழவன் தன் வீட்டுக்கு இன்னொரு உழவனின் வயல் தோலை உரிப்பது சரியா என்று எனக்கு உறுத்தியது.

நாங்கள் கண்ட வழி இது. தண்ணீர் படுக்கிற அந்தப் பள்ளத்திலேயே 30 அடிக்கு 30 அடியில் பண்ணைக்குட்டை வெட்டினோம். மேலே இருந்த ஓரடி மண்ணைத் தனியே ஒதுக்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அதற்குக் கீழே வந்த அடிமண்ணில் சுவருக்குக் கல் அறுத்தோம். மீதி மண் வீட்டுத் தளத்துக்கும் குட்டைக் கரைக்கும் போனது. வெளியிலிருந்து ஒரு லோடு மண்கூட வாங்கவில்லை.

இது அழுத்திய மண்கல். ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக் கழகம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்து, பயிற்சியும் தருகிறது. மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, லேசான ஈரத்தில் கை இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. சூளை தேவையில்லை. 28 நாள் ஈரம் காயாமல் மூடி வைத்து ஆற விட வேண்டும்.

எல்லா மண்ணும் ஆகாது. வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். வண்டல் அரை மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாள் ஆகும். மணலும் பொடிக்கல்லும் பாதிக்கு மேல், களி ஐந்தில் ஒரு பங்கு அளவு இருந்தால் நல்ல மண். எங்கள் மண்ணில் களி அதிகம், அதனால் மணல் சேர்த்தோம். மட்கு உள்ள மேல்மண் மட்டும் கூடவே கூடாது. கல்லுக்கு அது வீண், பயிருக்கு அதுதான் உயிர்.

கணக்கு சொல்கிறேன், பழைய பழக்கம். 1,100 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 7,000 கல். ஒரு கல் 10 கிலோ. 5 சதவீதம் என்றால் கல்லுக்கு அரைக் கிலோ சிமென்ட், ஆக 3,500 கிலோ, அதாவது 70 மூட்டை. இயந்திரம் வாடகைக்கு எடுத்தோம். ஊர் ஆட்களே பழகிக்கொண்டார்கள். சூளைக்குப் போகவேண்டிய பணம் ஊருக்குள் கூலியாகப் போனது. மொத்தச் செலவு ரொம்பக் குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பொருள் செலவு குறையும், ஆள் செலவு கூடும்.

மண்கல் தோதுப்படாதவர்கள் சுட்ட செங்கல்லையே பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் வைக்கலாம். கல்லைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக வைத்து நடுவே காலி இடம் விடுவது. ஏறத்தாழ கால்வாசி செங்கல் மிச்சம். நடுவில் உள்ள காற்று சூட்டையும் தடுக்கும்.

எதில் கட்டினாலும் மண்சுவருக்கு இரண்டு காவல் வேண்டும். கீழே இரண்டடி உயரத்துக்குக் கருங்கல் பேஸ்மட்டம், மேலே மூன்றடி வெளியே நீளும் தாழ்வாரம். சாரலும் தெறிப்பும் சுவரைத் தொடாவிட்டால் மண்சுவர் நம் காலத்துக்குப் பிறகும் நிற்கும்.

நான்காம் பாடம்: வீட்டில் இருப்பவர்களைக் கேட்பது

என் மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள்: "உங்க இயற்கை வீட்டுல சாணி மெழுகிக்கிட்டு நான் உட்கார முடியாது. எனக்கு முட்டி வலி. கழிப்பறை படுக்கையறைக்கு உள்ளயே வேணும், படி ஏற வைக்காதீங்க." மகள் சொன்னாள்: "அப்பா, பசங்க மே மாசம் வர்றதுன்னா ஒரு ரூமுக்காவது ஏசி போடுங்க."

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். பெண்கள் வாழ முடியாத வீட்டை இயற்கை வீடு என்று சொல்லி என்ன பயன்? நம்மில் பலர் பண்ணை வீடு கட்டிவிட்டுத் தனியாளாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே தரை ஆத்தங்குடிக் கல். படிக்குப் பக்கத்தில் சாய்தளம். கழிப்பறை உள்ளேயே, மேற்கத்திய பாணியில். ஓர் அறைக்கு மட்டும் ஏசி, அதுவும் வடகிழக்கு அறைக்கு, மேற்கு வெயில் படாத இடத்தில். கூரை தளம்தான், ஆனால் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துப் போட்டது. தளத்தின் அடிப்பாதியில் கம்பிதான் பாரம் இழுக்கிறது. கம்பிகளுக்கு நடுவே உள்ள காங்கிரீட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் ஓடு வைத்தால் சிமென்டும் மிச்சம், சூடும் குறைவு. இதைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும், மேஸ்திரியின் கைக்கணக்கில் விடாதீர்கள். மேலே ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனியில், சுண்ணாம்பு அடிக்கிறோம். மாடியில் வடகமும் காய்கிறது, சூரியத் தகடும் நிற்கிறது.

மே மாத மதியம் வெளியே 41 டிகிரி காட்டும்போது கூடத்தில் 34, 35 இருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஏசி அறையில் தூங்குகிறார்கள், பகலெல்லாம் திண்ணையில்தான் இருக்கிறார்கள்.

ஐந்தாம் பாடம்: வீட்டுக்குள் வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர்

நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. 1,000 சதுர அடிக் கூரையில் விழுவது 1,30,000 லிட்டர். ஆவியானது, முதல் மழையில் கழுவிவிட்டது போக ஒரு லட்சம் லிட்டர் கைக்கு வரும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்றால், மழை இல்லாத 270 நாளுக்கு 6,750 லிட்டர் போதும். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டினோம். கேன் தண்ணீர் வாங்குவது நின்றது. மிச்சம் கிணற்றுக்கும் குட்டைக்கும் போகிறது.

குளியல், துணி துவைத்த தண்ணீர் ஜல்லி நிரப்பிய பாத்தி வழியே வாழைக்குப் போகிறது. கல்வாழையும் சேம்பும் நடுவே நின்று அழுக்கை எடுத்துக்கொள்ளும். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய் இருப்பதால் முதலில் ஒரு சிறு தொட்டியில் நின்று தெளிய வேண்டும்.

கழிப்பறை விஷயத்தில் கவனம். மேட்டு நிலத்தில் இரட்டைக் குழி முறை நல்லது. ஒரு குழி நிரம்பி ஓய்வெடுக்க, இரண்டாண்டில் உரமாகும். ஆனால் மழைக்காலத்தில் எங்கள் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும். குழி நிலத்தடி நீரைத் தொட்டால் குடிக்கிற தண்ணீர் கெடும். அதனால் கசியாத செப்டிக் டேங்க், அதிலிருந்து வருவதற்குத் தனியாக ஒரு கல்வாழைப் பாத்தி, பிறகு தென்னை. கீரைக்கும் காய்கறிக்கும் இந்தத் தண்ணீர் விடுவதில்லை.

மேற்குச் சுவருக்கு மரம்தான் மருந்து. வேம்பும் புங்கனும் சுவரிலிருந்து 20 அடி தள்ளி வைத்தோம். அரசு, ஆல் வீட்டருகே வேண்டாம். முருங்கைக் கிளை சட்டென்று முறியும், கூரைக்கு மேல் வரவிடாதீர்கள். மரம் வளரும்வரை சுவருக்கு மூன்றடி முன்னால் கம்பிப் பந்தல் போட்டு அவரையும் பாகலும் ஏற்றினோம். மூன்றே மாதத்தில் நிழல், கூடவே காய்.

சரியாக வராதவை

முதல் மழையில் தாழ்வார ஓட்டில் இரண்டு இடம் ஒழுகியது. பின்கட்டு மரச் சட்டத்தில் கரையான் ஏறியது. தாழ்வாரத் தூணைக் கல்லின்மேல் நிறுத்தியிருக்க வேண்டும், மண்ணில் ஊன்றிவிட்டோம். கொசுவலைக் கதவை முதலிலேயே யோசிக்கவில்லை, பிறகு பொருத்தியதில் செலவு இரட்டிப்பு. குட்டைக்கு முதல் ஆண்டு வேலி போடவில்லை. பேரப்பிள்ளைகள் வருவதற்குள் மனைவி போட வைத்தாள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் குட்டை வெட்டும் அன்றே செய்துவிடுங்கள்.

உங்களுக்கு வீட்டுப்பாடம்

வரைபடம் போடுகிறவரைப் பார்ப்பதற்கு முன் இவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நுழையும், நிற்கும், வெளியேறும் இடங்கள். நாம் மேடாக்கினால் யார் வயலில் தண்ணீர் நிற்கும்?
2. மே மாதம் மாலை 4 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது? காற்று எங்கிருந்து வருகிறது?
3. மூன்று இடத்து அடிமண்ணின் பாட்டில் சோதனை.
4. கிணற்றில் மழைக்கால, கோடைக்கால நீர்மட்டம்.
5. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், குழந்தை உட்பட, கேட்கும் ஒரு வசதி.
6. பக்கத்து நிலத்தில் இருக்கும் மூத்தவர் சொன்னது, அவர் சொன்ன வார்த்தையிலேயே.

இந்த ஆறும் கையில் இருந்தால் ஊராட்சி அனுமதிக்கோ வங்கிக் கடனுக்கோ போகும்போது பொறியாளருக்கு நீங்களே வழி சொல்லலாம்.

பெரியவரின் வயலுக்கும் என் குட்டைக்கும் நடுவே இப்போது ஒரு மதகு இருக்கிறது. மழையில் அவர் வயலின் மிச்சத் தண்ணீர் குட்டைக்கு வரும். தை மாதத்தில், அவருக்குத் தேவைப்பட்டால், குட்டையிலிருந்து ஒரு நனைப்பு அவருக்குப் போகும். மதகுப் பலகையைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. நான் அதில் கை வைப்பதில்லை.